அலாஸ்கா கப்பல் பயணம்: ஐந்து நிறுத்தம், ஒரு மாற்று முழங்கால். எங்கே இறங்குவது, எங்கே சும்மா இருப்பது?

கேள்வி கேட்டவர்: கணக்கு டீச்சர், மயூர் விஹார்

அனைவருக்கும் வணக்கம். சியாட்டிலில் இருக்கும் மகள், எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு அலாஸ்கா கப்பலில் இடம் பிடித்துவிட்டாள். ஜூன் மூன்றாம் வாரம், ஏழு இரவு. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம். நடுவில் ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெச்சிக்கன், கடைசியாகக் கனடாவின் விக்டோரியா. மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன் மூவரும் உடன் வருகிறார்கள்.

கப்பல் செலவு மகளுடையது. கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எங்களுடையது என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பட்டியல் வந்தது. ஜூனோ ஒன்றுக்கே நாற்பத்தேழு சுற்றுலா. திமிங்கிலம், நாய் வண்டி, கயிற்றில் தொங்கிப் போவது, ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின் மேலேயே இறங்குவது. பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் நான்கு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தேன். பெருக்காமல் இருந்திருக்கலாம்.

எங்கள் நிலைமை இதுதான். கணவருக்கு 67 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இடது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சமதரையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பார், படிக்கட்டு என்றால் முகம் சுண்டிவிடும். ஆனால் ஹெலிகாப்டர்தான் வேண்டுமாம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகிலேயே வாந்தி எடுத்தவள் நான். இருவரும் சைவம். குளிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், முப்பத்தைந்து வருடம் டெல்லியில் வாழ்ந்தும் டிசம்பர் பிறந்தால் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டேன்.

எந்த ஊரில் எதற்குப் பணம் கொடுப்பது, எங்கே வெறுமனே நடந்துவிட்டு வருவது? கப்பல்காரர்களிடமே பதிவு செய்ய வேண்டுமா, வெளியில் செய்யலாமா? மாவடு ஜாடி எடுத்துப்போகலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கரோல் பாக் வாசி

டீச்சரம்மா, திமிங்கிலத்துக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். அமெரிக்க விசா இருக்கும், மகள் வீட்டுக்குப் போய்வந்திருப்பீர்கள். கப்பல் விக்டோரியாவைத் தொடுவதால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் வேண்டும். "நாங்கள் அங்கே இறங்க மாட்டோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தை சியாட்டில் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். பெட்டிகளெல்லாம் கப்பலுக்குள் போன பிறகு.

விக்டோரியாவில் ஏன் நிற்கிறது தெரியுமா? அமெரிக்காவில் 1886ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்காவுக்குள்ளேயே பயணிகளைச் சுற்றிக்காட்டிவிட்டு வர முடியாது. பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் கடைசி நாள் மாலை விக்டோரியா. இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில்: ஜனக்புரி மாமி

நான் போய்வந்து இரண்டு வருடமாகிறது. நீங்கள் போகும் அதே வழி. உங்கள் பட்டியலைப் படித்ததும் சிரித்துவிட்டேன், என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது.

முதலில் ஒன்று. ஊருக்கு ஒரு சுற்றுலா என்று பங்கு பிரிக்காதீர்கள். நாங்கள் அந்தத் தவறைத்தான் செய்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரிசையில் நின்று நின்று, ஐந்தாம் நாள் யார் முகத்தைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. பணத்தை ஜூனோவில் செலவழியுங்கள். கெச்சிக்கனில் பர்ஸைத் திறக்கவே வேண்டாம். கிளேசியர் பேயில் நீங்கள் கொடுக்க நினைத்தாலும் வாங்க ஆள் கிடையாது. அங்கே துறைமுகமே இல்லை. மொத்தப் பயணமும் அந்த ஒரு நாளுக்காகத்தான். அதற்கு முந்தின நாள் உடம்பை அடித்துப்போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஜூனோவில் திமிங்கிலமும் மெண்டன்ஹால் பனியாறும் சேர்ந்த ஐந்தாறு மணி நேரச் சுற்றுலா இருக்கும், அதை எடுங்கள். பஸ்ஸில் ஆக் பே என்ற இடத்துக்கு அழைத்துப்போய்ப் படகில் ஏற்றுவார்கள். தீவுகளுக்கு நடுவில் போகும் தண்ணீர், உங்கள் கன்னியாகுமரி அலை அங்கே கிடையாது. எனக்கும் வயிறு புரட்டும் ஜாதகம்தான், ஒன்றும் ஆகவில்லை. பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: படகுக்குள் கழிப்பறை உண்டா, கண்ணாடிக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாமா? எங்கள் வயதில் இவை இரண்டும் திமிங்கிலத்தைவிட முக்கியம்.

அங்கே வருபவை கூன்முதுகுத் திமிங்கிலங்கள். குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டுக் கோடையில் சாப்பிடுவதற்காக வருகின்றன. படகு நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். நெருங்கவும் வேண்டாம். எங்கள் படகோட்டி எஞ்சினை நிறுத்தியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குக்கர் வெயிட்டை லேசாகத் தூக்கினால் வருமே ஒரு 'புஸ்', அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு புகை மாதிரி ஒரு தூண். பிறகு காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அந்த மூச்சின் நாற்றம் இருக்கிறதே! ஒரு வாரம் மூடி வைத்த மீன் கூடை. சைவக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், கைக்குட்டை கொண்டுபோங்கள். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டே கைதட்டினார்.

மெண்டன்ஹாலில் இறங்கினால் இரண்டு பாதைகள். நக்கெட் அருவிக்குப் போவது சமதரைதான், ஆனால் போக ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வர அதே அளவு. உங்கள் வீட்டுக்காரருக்கு அது வேண்டாம். மாப்பிள்ளையையும் பேரனையும் அனுப்புங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து படம் பிடிக்கும் இடம்வரை தளம் போட்ட பாதை இருக்கிறது, அரைக் கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலியே போகும். ஏரிக்கு அந்தப் பக்கம் பனியாறு தெரியும். அது வருடா வருடம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, பழைய படங்களை மையத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள், பேரனுக்குக் காட்டுங்கள்.

இங்கே ஒரு சின்னக் குறை. நம் பத்திரிகைகள் கடலில் மிதப்பதையும் பனிப்பாறை என்கின்றன, மலையிலிருந்து இறங்குவதையும் பனிப்பாறை என்கின்றன. இறங்குவது ஆறு. பனியாறு என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் டீச்சர் என்றால் டீச்சர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெலிகாப்டர். ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும். மேகம் இறங்கினால் ரத்து. எங்கள் எதிர் மேசைக்காரர்கள் அதை நம்பி வேறெதற்கும் பதியவில்லை, காலை எட்டு மணிக்கு ரத்து என்று சீட்டு வந்தது. பணம் திரும்பிவிட்டது, ஜூனோ திரும்பவில்லை. அன்று முழுவதும் தங்க நகைக் கடைகளில் சுற்றினார்கள். மேலே இறங்கினாலும் பனிக்கட்டியில் பிடிமானச் செருப்பு மாட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் நிற்க வேண்டும். முழங்காலைச் செய்த டாக்டர் சம்மதித்தால் பாருங்கள்.

கெச்சிக்கன் மழை ஊர். வருடத்துக்கு 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது. டெல்லிக்கு 800கூட வராது. குடையைப் பிடித்து ஒரு புண்ணியமும் இல்லை, காற்று பிடுங்கிவிடும். தலையோடு மூடும் மழைக்கோட்டு வாங்குங்கள். ஓடைக்கு மேல் மரத்தூண் நட்டுக் கட்டிய க்ரீக் ஸ்ட்ரீட் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அந்தத் தெரு 1950கள்வரை எதற்குப் பேர்போனது என்பதை அங்கே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பேரன் சத்தமாக வாசித்து அர்த்தம் கேட்பான், தயாராக இருங்கள். குலமரத் தூண்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே டோட்டம் ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தூண்கள், வர்ணம் போய் வெறும் மரமாக நிற்கின்றன. புதிதாக வர்ணம் அடித்தவற்றைவிட எனக்கு அவைதான் மனத்தில் நின்றன. அவை கும்பிடுவதற்கான தூண்கள் அல்ல. இன்ன குலம், இன்ன கதை, இன்னாருக்கு இன்ன மரியாதை என்று சொல்வதற்காகச் செதுக்கியவை. ஒன்று கவனியுங்கள்: சில கப்பல்கள் ஊருக்குள் நிற்காமல் பதினொரு கிலோமீட்டர் தள்ளி வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கும், அங்கிருந்து பஸ். உங்கள் கப்பல் எது என்று இப்போதே கேளுங்கள்.

ஓடையில் சால்மன் மீன் கூட்டம், அதைத் தின்ன வரும் கரடி என்றெல்லாம் படத்தில் காட்டுவார்கள். அது ஜூலைக் கடைசியிலிருந்து. உங்கள் ஜூனுக்கு அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இனி கிளேசியர் பே. காலையில் தேசியப் பூங்காவின் அதிகாரிகள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலிலேயே கயிற்று ஏணி பிடித்து ஏறுவார்கள். நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வது அவர்கள்தான். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் உள்ளே அனுமதி, அதனால் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு யாரும் இல்லை. 1794இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடாவின் வாசலிலேயே பனிச் சுவர் நின்றதாம். இன்றைக்கு அதே இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே கப்பலில் போகிறோம்.

கடைசியில் மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நிற்கும். தண்ணீருக்கு மேலே ஏறக்குறைய குதுப் மினார் உயரம். அப்படியே ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு. நீலம் என்றால் சலவை நீலம் முக்கிய வேட்டியில் மடிப்புக்குள் தெரியுமே, அந்த நீலம். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக் கை வலித்து இறக்கினார்கள். பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள். பிறகு ஒரு மூலையில் ஒரு வீட்டளவுத் துண்டு, சத்தமே இல்லாமல், மெதுவாகச் சரிந்து தண்ணீரில் இறங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம், அதன் பிறகுதான் இடி வந்தது. நெஞ்செலும்பில் கேட்டது. அங்கத்திய டிலிங்கிட் மக்கள் இதை வெள்ளை இடி என்கிறார்களாம். அதற்குப் பிறகு நான் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போகவில்லை, தயிர் சாதத்தை மேல்தளத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். வெறும் தயிரும் சாதமும் கப்பலில் எப்போதும் கிடைக்கும். பதிவிலேயே இந்திய சைவச் சாப்பாடு என்று எழுதச் சொல்லுங்கள்.

குளிரைப் பற்றி. ஜூனில் ஜூனோவில் பகலில் 17, 18 டிகிரி இருக்கும், நம் ஜனவரிப் பகலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மயூர் விஹாரில் ஜனவரியில் காலையில் பால் வாங்கக் கீழே இறங்குகிறவருக்கு அது குளிரே இல்லை. பனியாற்றுக்கு முன்னால் மட்டும் கதை வேறு, பனியைத் தடவிவிட்டு வரும் காற்று காதைப் பிய்த்துவிடும். குரங்குக் குல்லாவைக் கண்டிப்பாக எடுத்துப்போங்கள், வெட்கப்படாதீர்கள், இரண்டாம் மணி நேரத்தில் ஒரு அமெரிக்கப் பெண்மணி என்னிடம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே நனையாத கோட்டு. கனமான ஓவர்கோட்டு ஒன்றே ஒன்று என்று போனால் வேர்க்கும், அல்லது விறைக்கும். காஷ்மீரி கேட் பக்கத்து மொனாஸ்டரி மார்க்கெட்டுக்கு இந்த மாதமே போங்கள். ஹோலி வந்துவிட்டால் கடைக்காரர்கள் கம்பளியை மூட்டை கட்டிவிட்டுக் காட்டன் சட்டையை விரித்துவிடுவார்கள். மே மாதம் நீங்கள் கையுறை கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பதில்: மோதி பாக் ரயில்காரர் (ஓய்வு)

ஜனக்புரி அம்மா ஸ்காக்வேயை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டார். அங்கே வெள்ளைக் கணவாய் ரயில் இருக்கிறது. பனியாற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பார்க்கட்டும், நான் போனது இதற்காகத்தான்.

1896இல் கனடாவின் குளோண்டைக்கில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, மறு வருடத்திலிருந்து கூட்டம் கூட்டமாக இந்த மலையேறினார்கள். ஒரு வருடத்துக்கான சாமான் இல்லாமல் வந்தால் எல்லையில் கனடா போலீஸ் உள்ளே விடாது. ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். முதுகில் சுமந்து, இறக்கி, திரும்பி வந்து, மறுபடி சுமந்து. இந்தக் கணவாயில் மட்டும் சுமார் மூவாயிரம் குதிரைகள் செத்தன. 1898இல் ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள், 1900இல் முடித்தார்கள். அதற்குள் தங்க வேட்டை அடங்கிவிட்டது, அது வேறு விஷயம்.

பாதை மூன்றடி அகலம், 914 மில்லிமீட்டர். நம் கால்கா-சிம்லா 762. கால்கா பாதையில் ஏற்றம் 33க்கு 1, அதாவது 33 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு, இங்கே சில இடங்களில் 26க்கு 1 வரும். பல்சக்கரம் கிடையாது. நீலகிரி மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள், வெறும் சக்கரப் பிடிமானத்தில் ஏறுகிறது. முப்பத்திரண்டு கிலோமீட்டரில் 870 மீட்டர் மேலே போகிறோம். எஞ்சின் மூச்சு வாங்குவது பெட்டிக்குள் கேட்கும். மற்றவர்கள் அருவியைப் பார்த்தார்கள், நான் பிரேக் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அம்மாவுக்குத் தேவையான விவரம்: ஏறும்போது இடது பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம். உச்சியில் எல்லோரையும் எழுப்பி, இருக்கையின் சாய்வைத் திருப்பிப் போட்டு, எதிர் வரிசைக்காரர்களோடு இடம் மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அதனால் சண்டை வேண்டாம். பெட்டியில் கழிப்பறை உண்டு. படி ஏற முடியாதவர்களுக்குத் தூக்கி வைக்கும் இயந்திரம் உண்டு, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உச்சிக்குப் போய்த் திரும்பும் ரயிலில் யாரும் இறங்குவதில்லை. கனடாவுக்குள் போய் இறக்கிவிடும் நீண்ட பயணத்தை எடுத்தால் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வேண்டும். கப்பல் அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

மொத்தம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம். மாற்று முழங்காலுக்கு இதைவிட நல்ல மலையேற்றம் கிடையாது.

பதில்: துவாரகா செக்டர் 6

ரயில்கார ஐயாவோடு சண்டை போட எனக்குத் தகுதியில்லை, ஆனால் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான் என்பதை மறக்க வேண்டாம். என் மகனும் அதே வயதில் வந்தான். ஏறும்போது வாயைப் பிளந்து பார்த்தான், இறங்கும்போது அதே மலை, அதே அருவி, தூங்கிவிட்டான். போகும்போது ஒரு வழி ரயில், வரும்போது நெடுஞ்சாலையில் பஸ், நடுவில் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற சுற்றுலா ஒன்று இருக்கிறது. அல்லது முழுவதும் பஸ்ஸே போதும், ரயிலைவிடக் குறைந்த செலவு. இரண்டுமே கனடா எல்லையைத் தாண்டும், அதனால் பல முறை நுழையும் விசாதானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பலிலா வெளியிலா என்று கேட்டிருந்தீர்கள். வெளியில் மலிவு, கூட்டமும் குறைவு. ஆனால் கப்பல் மூலம் பதிந்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. அலாஸ்காவின் கடிகாரம் சியாட்டிலுக்கு ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் கெச்சிக்கனில் சியாட்டில் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தது. என் போன் மட்டும் ஊர் நேரத்துக்குத் தானாக மாறிவிட்டது. நாலரைக்குள் ஏற வேண்டும், இப்போது மூன்று பத்துதானே என்று நான் நிதானமாக மகனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த எங்கள் அறைப் பக்கத்துக்காரர் நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையில் பழைய சாவி கொடுக்கும் கடிகாரம். அன்று ஐஸ்கிரீமோடு ஓடியதில் என் வெள்ளைச் சட்டை போயிற்று. சில நிமிடம் பாக்கி வைத்து ஏறினோம். கையில் கட்டும் கடிகாரம் ஒன்று எடுத்துப்போங்கள், கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளாது என்கிறீர்கள். சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறம் திறந்த கடலில் போகின்றன. போகும்போதும் திரும்பும்போதும் அந்தப் பகுதியில்தான் ஆட்டம். மாத்திரையை ஆடிய பிறகு போடாதீர்கள், புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். அறையை மாற்ற இன்னும் வழியிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள்.

விக்டோரியாவில் புச்சார்ட் தோட்டத்தைத் தள்ளுவார்கள். நல்ல தோட்டம், சுண்ணாம்புக்கல் குவாரியாக இருந்த பள்ளத்தில் 1904இலிருந்து வளர்த்தது. ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். கப்பல் அங்கே மாலை எத்தனை மணிக்குச் சேர்கிறது என்று பாருங்கள். எட்டு மணி என்றால் விட்டுவிடுங்கள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இருட்டத் தொடங்கிவிடும். சட்டமன்றக் கட்டடத்தின் ஓரமெல்லாம் பல்பு எரிவதைத் துறைமுகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கணக்கு டீச்சர், மயூர் விஹார்

எல்லோருக்கும் நன்றி. நோட்டில் நாற்பத்தேழுக்கும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஜூனோவில் திமிங்கிலமும் மெண்டன்ஹாலும், கப்பல் மூலமாகவே. ஸ்காக்வேயில் ரயில். துவாரகாக்காரர் மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டில் ரயில்காரர் பதிலை வாசித்துக் காட்டியதும் கணவர் "26க்கு 1 என்றால் சும்மாவா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பேரன் தூங்கினால் தூங்கட்டும். கெச்சிக்கனில் நடை. நம் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறதாம், மகள் கேட்டுவிட்டாள். விக்டோரியாவுக்கு இரவு எட்டரைக்குத்தான் சேர்கிறது, ஆகவே பெஞ்சு.

ஜனக்புரி மாமி, நீங்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணினீர்களே, ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். அப்படியானால் நீங்கள் நின்ற இடத்திலிருந்து பனி 680 மீட்டர். பேரனுக்கு ஸ்டாப்வாட்ச் வாங்கிக் கொடுத்து அந்தக் கணக்கைச் செய்யச் சொல்லப்போகிறேன். போனில் இருக்கிறதே என்பான். போன் நேரத்தை நம்பக் கூடாது என்று சொல்லிவிடுவேன்.

கனடா விசாவுக்கு இன்று புகைப்படம் எடுத்தாகிவிட்டது. ஹெலிகாப்டர் இருந்த பக்கத்தை மட்டும் கணவர் நோட்டிலிருந்து கிழித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறாராம், என்னிடம் சொல்லவில்லை, மருத்துவமனையிலிருந்து வந்த குறுஞ்செய்தி என் போனுக்கு வந்துவிட்டது.

மாவடுவைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லையே?

பதில்: ஜனக்புரி மாமி

வீட்டு ஜாடி வேண்டாம். கடையில் சீல் வைத்து விற்கும் பாக்கெட்டாக வாங்கிச் சியாட்டில்வரை கொண்டுபோங்கள், விமான நிலையத்தில் கேட்டால் ஊறுகாய் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணெய் கசியாமல் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். என் பெட்டியில் ஒரு தெர்மல் பனியன் இன்னும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கிறது.